மயக்க வாயுவும் பத்தொன்பதாம் அத்தியாயமும்

1. இரண்டு வெற்றுப் பக்கங்கள்

எங்கள் பத்திரிகை வெள்ளிக்கிழமை வெளிவரும். வியாழன் காலையில், கோத்த பக்கங்களைப் பூட்டிய கடைசி ஃபாரம் மெஷினில் ஏறியாக வேண்டும். நான் சொல்ல வந்த வாரத்தில், புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அந்த ஃபாரத்தில் இரண்டு பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன. "கருங்கோள் கப்பல்கள்" என்ற தொடர்கதையின் பத்தொன்பதாம் அத்தியாயம் வந்து சேரவில்லை. செவ்வாய்தோறும் தக்கலையிலிருந்து வரும் பஸ்ஸில் கண்டக்டர் கையில் ஒரு பழுப்பு உறை வரும். பதினெட்டு வாரம் தவறாமல் வந்த உறை அந்தச் செவ்வாய் வரவில்லை.

நாகர்கோவிலில் அந்த அச்சகத்தில் நான் புரூஃப் ரீடராகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாக இருந்த காலம். புரூஃப் ரீடர் என்று பெயரே தவிர, வாசகர் கடிதத்துக்குப் பதில் எழுதுவது, இடம் மிஞ்சினால் துணுக்கு எழுதி நிரப்புவது, முதலாளி சொல்கிறபடி கட்டுரைகளை வெட்டுவது எல்லாம் என் வேலைதான். முதலாளியே ஆசிரியரும்.

அவர் என் மேசைக்கு வந்து நின்றார்.

"நீயே நேர்ல போயி வாங்கிட்டு வா மக்கா. உச்சைக்குள்ள திரும்பிரணும். வெறும் பக்கத்த வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

வடசேரியில் பஸ் ஏறினேன். காய்ச்சலாக இருக்கும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

2. கதை

அந்தக் கதையை எழுதியவர் ஞானசிகாமணி. தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். மயக்க மருந்து கொடுக்க அங்கே தனியாக டாக்டர் கிடையாது. ஆபரேஷன் என்றால் டாக்டர் கத்தியை எடுப்பார். இவர் நோயாளியின் தலைமாட்டில் நின்று குளோரோபாரம் கொடுப்பார். கம்பிவலையில் துணி போர்த்திய மூடியை மூக்கின்மேல் பிடித்துக்கொண்டு, குப்பியிலிருந்து சொட்டுச் சொட்டாக விடவேண்டும். பதினான்கு வருடம் அதைச் செய்துகொண்டிருந்தார்.

கதை இதுதான். கருங்கோள் என்ற கிரகத்திலிருந்து ஆகாயக் கப்பல்கள் பூமியைப் பிடிக்க வருகின்றன. பூமியின் தளபதி அமுதன் அவற்றின்மேல் குண்டு போட மறுக்கிறான். தன் கப்பலை எதிரிக் கப்பலோடு ஒட்டி நிறுத்தி, அதன் காற்றுக் குழாயைத் துளைத்து, மயக்க வாயுவை உள்ளே செலுத்துகிறான். எதிரிகள் நின்ற இடத்திலேயே சாய்கிறார்கள். அமுதன் கதவைத் திறந்து உள்ளே போய்க் கப்பலைப் பிடித்துக்கொள்கிறான். ஒரு சொட்டு ரத்தம் சிந்துவதில்லை.

முதல் அத்தியாயத்தோடு அவர் நேரில் வந்தபோது நான் கேட்டேன், இந்த யோசனை எப்படி வந்தது என்று.

"குண்டு போட்டுக் கொல்லுகதுக்கு விஞ்ஞானம் எதுக்கு தம்பி? அத அருவாள வச்சே செய்யலாம்" என்றார்.

யுத்தம் முடிந்து ஐந்தாறு வருடம்தான் ஆகியிருந்தது. ஜப்பானில் விழுந்த குண்டைப் பற்றி எல்லோரும் படித்திருந்தார்கள். ஒருத்தரையும் கொல்லாமல் ஜெயிக்கிற தளபதியை ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. வாரந்தோறும் பத்திரிகைக் கட்டு தக்கலை, குளச்சல், களியக்காவிளை என்று போகும். போன இடத்திலெல்லாம் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். அச்செழுத்துக் கோக்கும் எங்கள் கம்பாஸிட்டர் மாசிலாமணி அண்ணாச்சிக்கு ஒரு குறை. "வாயு, வாயுன்னு எழுதி எழுதி எழுத்துப் பெட்டியில 'யு' எழுத்து தீந்துபோச்சு. அவரு மூச்சுன்னு எழுதப்பிடாதா?" என்பார். வேறு அளவிலிருந்த 'யு' எழுத்துக்களைப் போட்டு ஒப்பேற்றினோம். பழைய பிரதிகளைப் பார்த்தால் வாயு என்ற சொல்லில் 'யு' மட்டும் சற்றே குள்ளமாக இருக்கும்.

கம்பவுண்டர் எதையும் சும்மா எழுதமாட்டார். குளோரோபாரத்தின் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். மேல், கீழ் என்பதே இல்லாத கப்பலுக்குள் அது எங்கே தங்கும்? அதை இரண்டு வாரம் யோசித்து, எதிரிக் கப்பலின் காற்றாடியே வாயுவை அறை அறையாகக் கொண்டுபோகும்படி எழுதினார். களியக்காவிளை வாசகர் ஒருவர், கருங்கோள்காரனுக்கு மூக்கு உண்டா, அவன் நம்மைப்போல மூச்சு விடுகிறவன்தானா என்று கேட்டு எழுதியிருந்தார். நான் சிரித்தேன். கம்பவுண்டர் சிரிக்கவில்லை. எதிரியின் காற்றுக் குப்பி ஒன்றை அமுதன் கைப்பற்றி, அதில் என்ன காற்று இருக்கிறது என்று சோதிப்பதாக ஒரு முழு அத்தியாயமே எழுதி அனுப்பினார்.

ஒரு விஷயம் மட்டும் அவரை அரித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் அத்தியாயத்தின் புரூஃப் பார்க்க வந்தபோது சொன்னார்.

"ஒரே அறையில பத்துப் பேரு இருந்தா பத்துப் பேருக்கும் ஒரே காத்துதான் உள்ள போவும். தடியன் சாயணும்னா நோஞ்சானுக்கு அது கூடிப்போவும். ஒரே அளவுல எல்லாரையும் தூங்கவச்சு எல்லாரையும் எழுப்ப முடியாது தம்பி. ஆஸ்பத்திரியில ஒவ்வொருத்தரு மொகத்தையும் பாத்துப் பாத்துத்தான் சொட்டு விடுகேன். அமுதன் குழாய் வழியா விடுகான். அவனுக்கு யாரு மொகமும் தெரியாது."

"அப்ப என்ன செய்யப் போறீங்க சார்?"

"நானும் அதத்தான் யோசிச்சிட்டிருக்கேன்."

முதலாளிக்கு இந்தக் கவலையெல்லாம் தெரியாது. கதைத் தலைப்புக்கு மேலே ஒரு வரியை அவரே எழுதிக் கொடுத்திருந்தார்: "மருத்துவத் துறையில் நீண்ட அனுபவம் உடையவர் எழுதுவது". வாரந்தோறும் அந்த வரி தவறாமல் வரும்.

3. கல் பெஞ்சு

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னல் சாத்தியிருந்தது. பின்பக்கம் மாமரத்தடியில் ஒரு கல் பெஞ்சில் கம்பவுண்டர் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் பழுப்பு உறை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"இன்னைக்கு ஆபரேஷன் ஒண்ணும் இல்ல. டாக்டரு என்ன வீட்டுக்குப் போகச் சொல்லியாச்சு. போக முடியல்ல" என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்காமலே சொன்னார்.

"நேத்து ஒரு பெண்ணு. முப்பது வயசு இருக்காது. பிள்ள பெத்து ரெண்டு மாசம். மாருல கட்டி. கீறி விடணும், அவ்வளவுதான். பத்து நிமிஷ வேலை. நல்லா பயந்திருந்தா. எல்லாரையும் சொல்லுகது மாதிரி ஒண்ணு ரெண்டு எண்ணச் சொன்னேன். பதினேழு வரை எண்ணினா. பெறவு சத்தம் இல்ல. தூங்கிட்டான்னு நெனச்சேன். டாக்டரு கத்திய வச்சாரு. கீறின எடத்துல ரத்தம் வரல்ல தம்பி."

"என்ன தப்பு நடந்தது சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒரு தப்பும் இல்ல. அதான் எனக்குத் தாங்கல்ல. அளவு சரி, துணி சரி, நாடி சரி. அர மணி நேரம் நெஞ்ச அமுக்கிப் பாத்தோம். சில பேருக்கு இப்பிடி நெஞ்சு நின்னுபோவும், யாருக்குன்னு மொதல்லயே தெரியாது, நீரு மனசுல வச்சுக்காதேயும்னு டாக்டரு சொன்னாரு. மாப்பிள்ள வெளிய பிள்ளைய வச்சுக்கிட்டு நின்னாரு. தக்கலையில டெய்லரு, செல்லையான்னு பேரு. டாக்டருதான் போயிச் சொன்னாரு. நான் உள்ளயே நின்னேன்."

மடியிலிருந்த உறையை என்னிடம் கொடுத்தார்.

"எழுதியாச்சு. ஒரு வார்த்தையும் மாத்தப்பிடாது. வாக்குத் தருவியா?"

"தொடமாட்டேன் சார்" என்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் படித்தேன். அமுதன் மிகப்பெரிய எதிரிக் கப்பலைப் பிடித்துவிட்டான். வாயு எல்லாம் வெளியேறியதும் உள்ளே போகிறான். எதிரிகள் ஒவ்வொருவராகக் கண் விழித்துக் கைகளைத் தூக்குகிறார்கள். கடைசி அறையில் அவர்களுக்குச் சமைத்துப்போடுகிறவன் கிடக்கிறான், சிறிய உடம்புக்காரன். அமுதன் அவன் நாடியைப் பார்க்கிறான். கன்னத்தில் தட்டுகிறான். நெஞ்சை அமுக்குகிறான். கப்பல் பூமியில் இறங்கி, ஜனங்கள் மாலையோடு வாசலில் வந்து நிற்கும்வரை அமுதன் அந்தச் சமையல்காரன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவன் பெயர் என்ன என்று மற்றக் கைதிகளிடம் கேட்கிறான். அவர்களுடைய மொழி அவனுக்குத் தெரியாது. அத்தோடு அத்தியாயம் முடிகிறது.

அந்தத் தொடரில் மட்டுமல்ல, அந்தப் பத்திரிகையிலேயே அப்படி ஒரு எழுத்தை நான் படித்ததில்லை.

4. கால் மணி நேரம்

முதலாளி அதை நின்றுகொண்டே படித்தார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது வேண்டாம்."

"சார், அவருக்கு நேத்து ஆஸ்பத்திரியில..." என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கல்நெஞ்சுக்காரர் அல்ல. கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்:

"பாவந்தான். அவரு சங்கடம் அவருக்கு. ஆனா நம்ம பத்திரிகைய வாசிக்கவன் பகல் பூரா பாடுபட்டுட்டு வந்து உக்காருகான். அவன் வீட்டுலயும் சாவு இருக்கும். அத மறக்கதுக்குத்தான் இத எடுக்கான். பதினெட்டு வாரமா ஒருத்தரும் சாகமாட்டாவன்னு சொல்லிட்டு இப்ப ஒருத்தன சாகவச்சா, ஏமாத்துன மாதிரி இருக்கும். அவன எழுப்பிவிடு மக்கா."

"மாத்தமாட்டேன்னு அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன் சார்."

"வாக்குக் கொடுக்கதுக்கு நீ யாரு? பத்திரிகை ஒன்னதா? எழுத முடியும்னா எழுது. இல்லன்னா அந்தப் பக்கத்துல நான் வேற போட்டுக்கிடுகேன், நீயும் வேற வேலை பாத்துக்கோ."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் நான் எதிர்த்துப் பேசவில்லையோ என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது என்பதும் உண்மை. ஆனால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். எழுதச் சொல்லிவிட்டாரே என்று உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது.

மேசையில் உட்கார்ந்து கடைசி இரண்டு பத்திகளைப் பேனாவால் அடித்து நீக்கினேன். அமுதன் சட்டைப் பையிலிருந்து நீல நிறக் குப்பி ஒன்றை எடுப்பதாக எழுதினேன். "மயக்க வாயுவால் நின்றுபோன நெஞ்சை மீண்டும் துடிக்கவைக்கும் மருந்து அது. மூக்கில் இரண்டே சொட்டு. சமையல்காரன் கண் திறந்தான்." எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது.

மாசிலாமணி அண்ணாச்சி ஸ்டிக்கில் எழுத்தைக் கோத்துக்கொண்டே வந்தவர், அந்த இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இது அவரு எழுதினது இல்லியே."

"இல்ல அண்ணாச்சி."

அவர் மீதியைக் கோத்து முடித்தார். நான் புரூஃப் பார்த்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

5. செல்லையா

அந்த இதழ் வெளியாகிப் பத்து நாள் இருக்கும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் அச்சக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நாற்பது வயது இருக்கும். சட்டைப் பையில் துணிக்குக் குறிபோடும் சாக்குக்கட்டி. கையில் நான்காக மடித்த எங்கள் பத்திரிகை. மாசிலாமணி அண்ணாச்சி என் மேசையைக் காட்டினார்.

"சாரே, நான் தக்கலையில தையக்கடை வச்சிருக்கேன். செல்லையான்னு பேரு. ஒரு காரியம் கேக்கணும்."

கல் பெஞ்சில் கம்பவுண்டர் சொன்ன பெயர் அது. உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. பத்திரிகையை விரித்து அந்த வரியைக் காட்டினார்.

"இந்த மருந்து எங்க கிடைக்கும்?"

"அது கதை அண்ணாச்சி."

"கதைன்னு எனக்கும் தெரியும். கப்பலு வாறது கதை. அமுதன் கதை. ஆனா இந்த மயக்கம் கதை இல்லல்லா. மயக்க வாயு ஆஸ்பத்திரியில இருக்கு. நானே பாத்தேன். மணம்கூட வெளிய வந்தது. ஆளு தூங்குகதும் உள்ளதுதான். அப்ப மருந்து மட்டும் எப்பிடிக் கதையாவும்?"

அவர் விரல் கதைத் தலைப்புக்கு மேலே இருந்த வரிக்குப் போனது.

"பெரிய அனுபவம் உள்ள ஆளு எழுதுகாருன்னு நீங்களே மேல போட்டிருக்கிய. எம் பெஞ்சாதிக்கு ஆஸ்பத்திரியில மயக்கம் குடுத்தாவ. எந்திரிக்கல்ல. அவ போயிட்டா, இனி வரமாட்டா, அது எனக்கு வெளங்காம இல்ல. மருந்து இருந்தா, ஏன் அவளுக்குக் குடுக்கல்ல? இல்லன்னா, இல்லன்னு சொல்லிருங்க. எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும். ராவும் பகலும் அதையே நெனச்சுக்கிட்டு இருக்கேன், ஊசியில நூலு கோக்க முடியல்ல."

அவர் கேட்டது மிகச் சிறிய விஷயம். அந்த மருந்து இல்லை, அதை எழுதியது நான், சோற்றுக்காக எழுதினேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்து அறையில் முதலாளி இருந்தார்.

"எழுதினவருக்குத்தான் தெரியும்" என்றேன். என் வாழ்நாளில் நான் பேசியதிலேயே மோசமான வாக்கியம் அதுதான்.

"அவரு எங்க இருக்காரு?"

"ஊர்ல இல்ல" என்றேன். அப்படிச் சொன்னால் போய்விடுவார் என்று நினைத்தேன்.

முதலாளிக்குப் பேச்சு அரைகுறையாகக் காதில் விழுந்திருக்க வேண்டும். யாரோ வாசகர் எழுத்தாளரைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்து, உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்.

"யாருக்கு, ஞானசிகாமணியா? தக்கலைப் பக்கம் ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா இருக்காரு. போனா பாக்கலாம்."

ஆஸ்பத்திரியின் பெயரையும் சொன்னார்.

செல்லையா பத்திரிகையை முதலில் இருந்தபடியே நான்காக மடித்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே ஓடியிருக்கலாம். பஸ் புறப்பட எப்படியும் கால் மணி நேரம் ஆகும். மேசையில் ஒரு கல்யாண அழைப்பிதழின் புரூஃப் இருந்தது. அதைப் பார்க்க ஆரம்பித்தேன்.

6. மேசைமேல் பத்திரிகை

இருபதாம் அத்தியாயம் ஏற்கெனவே வந்திருந்தது. இருபத்தொன்றும் வந்தது. அவர் இன்னும் அச்சான பத்தொன்பதைப் பார்க்கவில்லை என்று அதிலிருந்தே எனக்குத் தெரிந்தது. இருபதில் அமுதன் சமையல்காரனை அடக்கம் செய்கிறான். அந்தப் பத்தியையும் நானே நீக்கினேன்.

மறுவாரம் உறைக்குப் பதில் அவரே வந்தார். முகம் வற்றிப்போயிருந்தது. மாசிலாமணி அண்ணாச்சி எழுந்து போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

"அந்தாளு வந்தாரு" என்றார் கம்பவுண்டர்.

"சார், நான்..."

"பொறு, சொல்லுகேன். காலையில நோயாளிக வரிசையில நிக்காவ. அவரு வரிசையில நின்னுதான் வந்தாரு. சத்தம் போடல்ல. சட்டையப் பிடிக்கல்ல. பத்திரிகைய என் மேசைமேல விரிச்சு வச்சு, வெரலால அந்த வரியத் தொட்டாரு. இது நீரு எழுதினதான்னு கேட்டாரு. அந்தப் பெண்ணு போனதுக்குப் பெறவு பத்திரிகைய நான் தொடல்ல, அப்பத்தான் நானே அத மொதல்முறையா வாசிச்சேன்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மேல என் பேரு கிடக்கு. ஆமான்னேன்."

"ஏன் சார்? இல்லன்னு சொல்லியிருக்கலாமே. நாங்க மாத்தினதுன்னு சொல்லியிருக்கலாமே."

"அவரு பெஞ்சாதிய எங் கையால தூங்கவச்சவன் நான். அவரு முன்னால நின்னுக்கிட்டு, நான் எழுதல்ல, அச்சாபீசுக்காரன் எழுதினான்னு சொல்ல எனக்கு வாய் வரல்ல தம்பி. அப்பிடி ஒரு மருந்து உலகத்துல இல்லன்னு மட்டும் சொன்னேன். அவரு நம்பல்ல. எப்பிடி நம்புவாரு? இருக்குன்னு அச்சுல கிடக்கு. இல்லன்னு நான் வாயால சொல்லுகேன். கதையில எதிரிக்கெல்லாம் குடுத்தீரு, என் வீட்டுக்காரிக்கு ரெண்டு சொட்டு குடுக்க ஒமக்கு மனசு வரல்லியான்னு கேட்டாரு."

அவர் தன் வலது கையைத் தொடைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு சொல்லுகேன். அவரு அப்பிடிக் கேட்டப்போ, ஒரு நொடி எனக்கே தோணிச்சு, அந்தக் குப்பிய எங்க வச்சேன்னு. திரும்பி அலமாரியப் பாத்தேன். நான் பாத்தத அவரும் பாத்தாரு. மருந்து இருக்குன்னு அவரு நம்ப அது போதாதா?"

நான் அழுதேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ஒனக்கு ஒரு வேலை, அத செஞ்ச. எனக்கும் அப்பிடித்தான்" என்றார்.

கம்பவுண்டர் மருந்தை ஒளித்துவைத்தார் என்று தக்கலையில் பேச்சுப் பரவியிருந்தது. அவர் தலைமாட்டில் நிற்பதென்றால் ஆபரேஷனே வேண்டாம் என்று இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்களாம். கொஞ்ச நாள் ஆபரேஷன் தியேட்டர் பக்கம் வரவேண்டாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். மலைமேல் ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்துக் கூடத்தில் வேலை இருப்பதாகவும், அங்கே ஆபரேஷன் கிடையாது என்றும் சொன்னார். பத்தொன்பதாம் அத்தியாயத்தின் கையெழுத்துப் பிரதியைக் கேட்டார். கொடுத்தேன். அதைப் படிக்காமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அன்று மாலையே முதலாளியிடம் போனேன். அடுத்த இதழில் நாலு வரி போடவேண்டும், அந்த மருந்து கற்பனை, அதை எழுதியது ஆசிரியர் அல்ல என்று போடவேண்டும் என்றேன்.

"கதைக்குத் திருத்தம் போட்டா ஊரு சிரிக்கும்வே" என்றார். அவர் அப்படி 'வே' போட்டு மரியாதை சேர்த்து என்னிடம் பேசியது அதுவே முதல் தடவை. "மீதியையும் நீரே எழுதிரும். நல்லாத்தான் எழுதுகீரு."

மீதி ஒன்பது அத்தியாயங்களை நான்தான் எழுதினேன். அமுதன் எல்லாக் கப்பல்களையும் பிடித்தான். நீலக் குப்பி எல்லோரையும் எழுப்பியது. வித்தியாசம் தெரிகிறது என்று ஒரு வாசகர்கூட எழுதவில்லை. முன்னைவிடக் கதை நன்றாகப் போகிறது என்று மூன்று கடிதங்கள் வந்தன.

தொடர் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தக்கலைக்குப் போனேன். செல்லையாவின் கடை பூட்டியிருந்தது. பிள்ளையை அக்காள் வீட்டில் விட்டுவிட்டு அவர் எங்கேயோ போய்விட்டதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். எந்த அக்காள், எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் மெனக்கெட்டு விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

7. களியக்காவிளை

எங்கள் ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த வருடத்தில், அச்சக வேலையாகக் களியக்காவிளைக்குப் போனேன். சந்தைக்குள் ஒரு ஜவுளிக்கடையின் வராந்தாவில் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தவரைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். செல்லையாதான். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

யார் என்று சொன்னேன். மெஷினை நிறுத்தினார். எல்லாவற்றையும் சொன்னேன். கம்பவுண்டர் அந்தச் சமையல்காரனைச் சாகவிட்டுத்தான் எழுதினார், அது உங்கள் பெஞ்சாதி இறந்த மறுநாள், அதை மாற்றியவன் நான், நீலக் குப்பி நான் ஒரு கால் மணி நேரத்தில் இட்டுக்கட்டியது, அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றேன். நாலைந்து வருடமாகச் சுமந்ததை இறக்குகிறோம் என்று எனக்கு நினைப்பு. மூச்சுவிடாமல் பேசினேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப மருந்து இல்லியா?"

"இல்ல அண்ணாச்சி."

"எங்கயும்?"

"எங்கயும் இல்ல."

தைத்துக்கொண்டிருந்த துணியை ஊசியிலிருந்து விடுவித்து மடியில் வைத்துக்கொண்டார். அது ஒரு பள்ளிக்கூடப் பாவாடை.

"இவ்வளவு நாளும் அந்த மனுஷன ஏசிக்கிட்டே இருந்தேன்" என்றார். "காலையில எந்திரிச்சா ஏசுவேன். இந்த மெஷின மிதிக்கும்போதும் ஏசுவேன். அவருகிட்ட மருந்து இருந்தது, குடுத்திருந்தா அவ இருந்திருப்பா. அப்பிடி நெனச்சுக்கிட்டாத்தான் எனக்கு நாளு கழிஞ்சது. இனி நான் யார ஏச?"

"என்ன ஏசுங்க அண்ணாச்சி."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஏசுவதற்குக்கூட லாயக்கில்லாதவன் என்பது அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க அவள தொட்டதுகூட இல்லியே" என்றார். பிறகு கேட்டார்: "அவரு இப்ப எங்க? போயி ஒரு வார்த்த சொல்லணும்."

எந்தத் தோட்டம் என்று நான் அன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். விசாரித்தேன். பழைய டாக்டர் மாறிப் போயிருந்தார், புதியவர்களுக்கு ஞானசிகாமணி என்ற பெயரே தெரியவில்லை. இரண்டு மூன்று தோட்டங்களுக்குக் கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இதைச் செல்லையாவுக்கு ஒரு கார்டில் எழுதிப் போட்டேன். அதற்கும் பதில் வரவில்லை.

அச்சகத்துக்கும் பத்திரிகைக்கும் வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் புத்தி கேட்பதுண்டு. எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். எழுத்துப் பிழையைத் திருத்துங்கள். ஆசிரியர் ஒருவனைச் சாகவிட்டிருந்தால் அவனை எழுப்ப நமக்கு உரிமை இல்லை, எவ்வளவு நல்ல மனிதர் வந்து எழுப்பச் சொன்னாலும். அதற்குப் பிறகு நான் அப்படித்தான் இருந்தேன். அதற்காக இரண்டு அச்சகங்களில் என்னை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அதனால் யாரும் பிழைத்துவிடவில்லை.